பசியாறுதல் என்னும் அறம்

மலேசியத் தமிழர் காலை உணவு உண்பதைப் ‘பசியாறுதல்’ என்பர். கெடா மாநிலத்துத் தோட்டங்களில் ‘பசியாறியாயிற்றா?’ என்று ஒருவரை ஒருவர் கேட்பது நலம் உசாவுதற்கு ஒப்பான வழக்கமாகும். எளிய சொல்தான், ஆயினும் அதனுள் ஓர் ஆழ்ந்த கருத்து பொதிந்து கிடக்கிறது. பசி என்பது தீ. உணவு அத்தீயை ஆற்றும் பொருள். தீ ஆறியதும் உண்ணுதலும் முடிவுறும். உண்பதன் காரணத்தையும் எல்லையையும் ஒருங்கே உணர்த்தும் இச்சொல்லை நாள்தோறும் வழங்கும் மக்களே பசி ஆறிய பின்னும் உண்டு, உடல் பருத்து, நீரிழிவுக்கும் நெஞ்சு நோய்க்கும் இலக்காகி வருகின்றனர். இந்நிலை எதனால் நேர்ந்தது? உடல் எடையைக் குறைத்தல் என்பது மருத்துவர் மட்டுமே பேச வேண்டிய செய்தியா, அன்றி அறம் சார்ந்த வினாவும் அதனுள் அடங்கியுள்ளதா? இவை ஆராயத் தக்கன.

வரலாற்றிலிருந்து தொடங்குவதே முறையாகும். பீடோங், சுங்கைப் பட்டாணி, பாடாங் செராய், கூலிம் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில் தொழிலாளியின் நாள் விடியுமுன்பே தொடங்கியது. குளிர்ந்த வேளையில்தான் மரத்தில் பால் நன்கு சுரக்கும். பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, 400 முதல் 500 மரங்கள் வரை சீவி முடித்து, மீண்டும் அதே நிரைகளில் நடந்து பால் எடுத்து, நிறைந்த வாளிகளைச் சுமந்து நிறுவைக் கொட்டகைக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். மேடும் பள்ளமுமான நிலத்தில் இவ்வாறு உழைத்தவர்க்குத் தட்டு நிறைந்த சோறும் இனிப்பு மிகுந்த தேநீரும் மிகையாகா. உண்டது அனைத்தையும் உழைப்பே எரித்துவிட்டது.

உழைப்போடு பசியின் நினைவும் சேர்ந்திருந்தது. 1941-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியில் அரிசி அரிதாயிற்று. மரவள்ளிக் கிழங்கே உயிர் காத்தது. சயாம்–பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்ட தோட்டத் தமிழர் பலர் மீளவே இல்லை. அக்கொடுமையிலிருந்து தப்பி வந்த தலைமுறைக்கு நிறைந்த சோற்றுத்தட்டு என்பது பசியை வென்றதன் அடையாளம். பிள்ளைக்கு மேலும் ஒரு கரண்டி சோறு வைப்பதே அன்பின் மொழியாயிற்று. ‘போதும்’ என்று கை மறித்தாலும் கேளாமல் பரிமாறும் தாயின் செயலில் பேராசை இல்லை. பழைய பட்டினியின் அச்சமே இருந்தது.

பின்னர்க் காலம் மாறிற்று. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை எழுந்தது. வேறு சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் தோன்றின. லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் நகரை நாடின. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996-ஆம் ஆண்டில் முறையாகத் திறக்கப்பட்டது. காட்டுக்குள் நடந்தவரின் பேரப்பிள்ளைகள் தொழிற்சாலையில் நின்றும் அலுவலகத்தில் அமர்ந்தும் வேலை செய்கின்றனர். அடுத்த தெருவிலுள்ள கடைக்கும் மோட்டார் சைக்கிளில் செல்கின்றனர். வேலை மாறியது, தட்டு மாறவில்லை. சோறு அதே அளவில் இருக்க, ரொட்டி சானாய், நாசி லெமாக், இரவு நேர மீ கோரெங் ஆகியவையும் உடன் சேர்ந்தன.

இதன் விளைவை எண்கள் உரைக்கின்றன. மலேசிய நலத்துறை 2023-ஆம் ஆண்டில் நடத்திய தேசிய ஆய்வின்படி, நாட்டின் வயது வந்தோருள் 54.4 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள்; 15.6 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு உண்டு. 2019-ஆம் ஆண்டின் ஆய்வில் நீரிழிவின் விகிதம் ஏனைய பெரும் இனத்தவரைவிட இந்தியரிடையே உயர்ந்திருந்தது. தெற்காசிய உடலமைப்பு வயிற்றில் கொழுப்பைச் சேர்க்கும் இயல்புடையது. ஆதலின் ஐரோப்பியரைவிடக் குறைந்த எடையிலேயே இந்நோய் பற்றிக்கொள்கிறது. ஆடவர்க்கு 90 சென்டிமீட்டரும் பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டரும் இடுப்பளவின் எச்சரிக்கைக் கோடுகள் என மருத்துவ அறிஞர் வகுத்துள்ளனர். நீரிழிவு முற்றினால் கால் இழத்தலும், பார்வை குன்றுதலும், சிறுநீரகம் பழுதுற்று வாரந்தோறும் இரத்தச் சுத்திகரிப்புக்கு அலைதலும் நேர்கின்றன. ஒருவர் நோயுற்றால் அவர் வீடு முழுவதுமே அந்நோயைச் சுமக்கிறது. எனவே இது தோற்றப் பொலிவைப் பற்றிய பேச்சன்று. குடும்பங்களின் வாழ்வைப் பற்றியது.

இனி அறவினாவுக்கு வருவோம். பருத்த உடல் ஒருவரின் குற்றமா? இவ்வினாவிற்கு உலகியலில் இருவகை விடைகள் வழங்குகின்றன. ‘அவன் நாவடக்கம் இல்லாதவன்; ஆதலால் பருத்தான்’ என்பது ஒன்று. ‘அவன் என் செய்வான்? பரம்பரை உடல்வாகு’ என்பது மற்றொன்று. முன்னது இகழ்கிறது, பின்னது கைவிடுகிறது. இரண்டுமே உண்மையின் ஒரு பாதியை மட்டும் கண்டவை. உழைப்பு போய் உணவு மட்டும் எஞ்சியது தனியொருவர் செய்த பிழையன்று. தோட்டத்தின் வரலாறு அது. ஆயினும், தான் செய்யாத ஒன்றுக்கு மனிதன் பொறுப்பேற்க இயலாது என்பது பொருந்தாது. தந்தை விட்டுச் சென்ற கடனை மகன் அடைக்கிறான். அக்கடனை அவன் வாங்கவில்லை. ஆயினும் அடைக்கும் பொறுப்பை ஏற்பதால் அவன் பெருமையே உறுகிறான். குற்றம் வேறு, பொறுப்பு வேறு. குற்றவுணர்வு மனிதனைக் கூனச் செய்யும். பொறுப்புணர்வோ நிமிரச் செய்யும். உடல் எடையைக் குறைக்க விழைவோர் முதலில் தெளிய வேண்டிய வேறுபாடு இதுவே.

தன்னடக்கம் எவ்வாறு தன்மானமாக மலரும் என்பதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. போருக்குப் பின் கெடாத் தோட்டங்களில் எழுந்த ‘தொண்டர் படை’ இயக்கத்தை வரலாறு அறியும். பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்தை நடுவாகக் கொண்டு, ஏ.எம். சாமியின் தலைமையில் இளைஞர் ஒன்றுதிரண்டனர். தோட்டத்துக் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். உழைத்துப் பெற்ற கூலி கள்ளுக்கடைக்கே திரும்பிச் செல்வதை அவர்கள் அடிமைத்தனத்தின் ஒரு கூறாகக் கண்டனர். 1947-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பீடோங் வட்டாரத்தில் காவல்துறையினருடன் மோதல்கள் நிகழ்ந்தன, உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. குடியை விடுதல் என்னும் தனிமனித ஒழுக்கம், தலை நிமிர்ந்து வாழும் உரிமையாக அங்கே உருப்பெற்றது. ‘உண்ணாதே, குடியாதே’ என்று மேலிருந்து எவரும் இட்ட கட்டளையன்று அது. தொழிலாளர் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட நெறி.

அவ்வியக்கத்திலிருந்து கற்கத் தக்கன இரண்டு. வேறுபடுத்திக் காணத் தக்கது ஒன்று. ஒருவர் தனித்து நின்று செய்ய இயலாததைப் பலர் கூடி நின்றால் செய்ய இயலும் என்பது முதற்பாடம். குடித்தவரை அவமதித்தும் தண்டித்தும் திருத்த முனைந்த இடங்களில் அன்பு குறைந்து பகை வளர்ந்தது என்பது இரண்டாம் பாடம். வேறுபாடு யாதெனில், கள்ளை முற்றிலும் விட்டுவிடலாம். உணவை விட இயலாது. கள்ளுக்கடை வாயிலில் ஒரு நாள் எடுத்த உறுதி போதும்; சோற்றுத்தட்டின் முன்போ நாள்தோறும் மூன்று வேளை உறுதி எடுக்க வேண்டும். துறத்தலினும் அளவறிந்து துய்த்தல் கடினமானது. ஆதலின் உணவில் அளவு காத்தல், துறவிக்கன்றி இல்லறத்தானுக்கு உரிய தவம் எனலாம்.

இத்தவத்தை விரைந்து முடித்துவிடத் துடிப்போர் பலர். திருமணத்திற்கு முன் ஒரு திங்கள் பட்டினி கிடப்போரும், மருத்துவரின் எச்சரிக்கை கேட்டுச் சோற்றை அடியோடு விலக்குவோரும் உளர். உடலோ அவர்தம் நோக்கத்தை அறியாது. பஞ்சம் வந்துவிட்டதாகவே அது கருதுகிறது. செலவைச் சுருக்கிக்கொள்கிறது, பசியைத் தூண்டுகிறது, கொழுப்போடு தசையையும் இழக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடைக்குறைப்புப் போட்டி ஒன்றில் பங்கேற்ற 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து ஆராய்ந்து 2016-இல் முடிவு வெளியிட்டனர். ஒருவர் நீங்கலாக ஏனையோர் இழந்த எடையில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ திரும்பப் பெற்றிருந்தனர். அவர்தம் உடல்கள், ஓய்வு நிலையில், எதிர்பார்க்கப்பட்ட அளவைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே செலவிட்டன. உடல் அப்பஞ்சத்தை ஆறு ஆண்டுகளாகியும் மறக்கவில்லை.

எனின், மெதுவாகக் குறைத்தால் மட்டும் போதுமா? இங்கே ஒரு தடையை எதிர்கொள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் 200 பேரைக் கொண்டு நடந்த ஆய்வொன்று 2014-இல் வெளிவந்தது. ஒரு சாரார் 12 வாரங்களிலும் மற்றொரு சாரார் 36 வாரங்களிலும் எடை குறைக்க முயன்றனர். விரைந்து குறைத்தோரே இலக்கை மிகுதியாக எட்டினர். ஆயினும் மூன்று ஆண்டுகளுக்குள் இரு சாரார்க்கும் இழந்த எடையில் ஏறத்தாழ 70 விழுக்காடு திரும்பிவிட்டது. காலத்தை நீட்டியதால் மட்டும் பயன் விளையவில்லை என்பது தெளிவு.

இத்தடை ‘படிப்படியாக’ என்னும் கருத்தை வீழ்த்தவில்லை. அதன் பொருளைச் செம்மைப்படுத்துகிறது. தேர்வுக்கு முதல் நாள் மனப்பாடம் செய்தவனும், ஒரு திங்கள் இருந்து மனப்பாடம் செய்தவனும், தேர்வு முடிந்ததும் பாடத்தை மறப்பதில் ஒருவரே. படிக்கும் பழக்கத்தைப் பெற்ற மாணவனோ தேர்வுக்குப் பின்னும் நூலைத் திறக்கிறான். விரைவா மெதுவா என்பதன்று வினா. முடியும் நாள் குறித்த முயற்சியா, முடியும் நாள் இல்லாத வாழ்க்கையா என்பதே வினா. ஒரு காலத்திற்கு மட்டும் பொறுத்துக்கொள்ளும் கட்டுப்பாடு தண்டனையாகவே இருந்து கழியும். வாழ்நாள் முழுதும் மனமுவந்து வாழத் தக்க கட்டுப்பாடே பண்பாகும். அத்தகைய பண்பு ஒரே நாளில் அமைவதில்லை; ஆதலினாற்றான் படிப்படியாகச் செல்ல வேண்டியுள்ளது.

சீனியை எடுத்துக்கொள்வோம். தேநீர் ஒரு குவளைக்கு மூன்று கரண்டி எனப் பழகியவர் அதனை இரண்டாக்குவதாகக் கொள்வோம். ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறத்தாழ 5 கிராம். அது 20 கலோரி தரும். நாளுக்கு நான்கு குவளை அருந்துவோர்க்கு 80 கலோரி குறையும். ஆண்டிற்கு 29,200 கலோரி. ஒரு கிலோ கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரி எனக் கொண்டால் தாளின்மேல் மூன்றரைக் கிலோவிற்கும் மேல் குறைய வேண்டும். உடல் தாள் கணக்கிற்கு அப்படியே பணியாது. அதில் பாதியே முதல் ஆண்டில் குறையலாம். ஆயினும் சில வாரங்களுக்குள் நா பழகிவிடும். பழைய மூன்று கரண்டித் தேநீர் திகட்டும். விருப்பத்தை அடக்கிக்கொண்டிருக்கும் நிலை போய், விருப்பமே மாறிவிட்ட நிலை வந்துவிடுகிறது. ஒழுக்கம் என்று சான்றோர் கூறுவது இந்நிலையைத்தான்.

கடைகளில் ‘தே தாரிக்’ அருந்துவோர் மற்றொன்றும் அறிதல் நன்று. அதில் ஊற்றும் இனிப்புக் கட்டிப்பாலின் எடையில் பாதிக்கு அருகில் சீனியே. ‘சீனி போடாதீர்கள்’ என்று சொல்லிக் கட்டிப்பாலை ஏற்பது, முன்வாயிலை அடைத்துப் பின்வாயிலைத் திறந்து வைப்பது போன்றது. தட்டைப் பொறுத்தவரை மலேசிய நலத்துறை எளிய அளவு ஒன்றை வகுத்துள்ளது: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, பாதி காய்கறியும் பழமும். முருங்கைக் கீரையும் கத்தரியும் வெண்டையும் வீட்டுப் பின்புறத்தில் விளைவித்த தோட்டத்துத் தமிழர்க்கு இவ்வளவு புதிதன்று, மறந்துபோன ஒன்றுதான்.

உடற்பயிற்சியின் பயனை ஒரு தமிழ்நாட்டு ஆய்வு நன்கு விளக்குகிறது. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரைப் பிரித்து மூன்று ஆண்டுகள் ஆராய்ந்து 2006-இல் முடிவுகளை வெளியிட்டனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவருள் 55 விழுக்காட்டினர் நீரிழிவுக்கு ஆளாயினர். நாள்தோறும் அரை மணி நேரமேனும் விரைந்து நடக்கவும், உணவில் சீனி, மாவுப் பொருள், கொழுப்பு ஆகியவற்றைக் குறைக்கவும் பழக்கப்பட்டவருள் அது 39 விழுக்காட்டளவில் நின்றது. வியப்பு யாதெனில், அவர்தம் எடை குறிப்பிடத்தக்க அளவில் குறையவே இல்லை. ஆயினும் உடல் திருந்திற்று. எனவே எடைக்கருவியின் முள் நகரவில்லை என்று மனம் சோர்ந்து முயற்சியைக் கைவிடுவோர், விளைந்து கொண்டிருக்கும் பயிரை அறியாமல் உழுதுவிடும் உழவரை ஒப்பர். நற்பழக்கத்தின் பயன் முதலில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் தொடங்குகிறது. நீரிழிவுக்கு ஏற்கெனவே மருந்து உட்கொள்வோர் மட்டும், உணவு அளவை மாற்றுமுன் மருத்துவரைக் கலந்துகொள்ளல் வேண்டும். இன்றேல் இரத்தச் சீனி தாழ்ந்து தீங்கு நேரலாம்.

இனி, அளவாக உண்ணும் அறத்திற்கும் வேறு இரு அறங்களுக்கும் இடையே நேரும் முரண்களைக் கருதுவோம். முதலாவது விருந்தோம்பல். வீட்டிற்கு வந்தவர்க்கு இனிப்புத் தேநீரும் பலகாரமும் தருவது தமிழர் மரபு. மறுப்பது மனத்தைப் புண்படுத்தும். ஆனால் விருந்தோம்பலின் உயிர் முகமலர்ச்சியில் உள்ளது, சீனியில் இல்லை. ‘சீனி எவ்வளவு போடட்டும்?’ என்று கேட்பது விருந்தினரை மேலும் மதிக்கும் செயலே ஆகும். இரண்டாவது, உணவை வீணாக்கலாகாது என்னும் அறம். பல இல்லங்களில் தாய் எல்லார்க்கும் பரிமாறிவிட்டு, இறுதியில் எஞ்சியதை எறிய மனமின்றித் தானே உண்டு முடிக்கிறாள். பசிக்காகவும் உண்ணாமல் சுவைக்காகவும் உண்ணாமல், சிக்கனத்திற்காக உண்ணும் அவளது உடலே அவ்வீட்டின் எச்சில் கலமாகிவிடுகிறது. பட்டினியை அறிந்த மூதாட்டியரிடமிருந்து வந்த இவ்வழக்கத்தை எள்ளுதல் தகாது. சமைக்கும் அரிசியிலேயே ஒரு கைப்பிடி குறைத்தல் ஒன்றே இதற்குத் தீர்வு. அப்பொறுப்பு அவள் ஒருத்திக்கு உரியதன்று. ‘எனக்கு இவ்வளவு போதும்’ என்று முன்கூட்டியே சொல்லும் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் உரியது. அவளும் மாலையில் அரை மணி நேரம் நடந்துவர வேண்டுமாயின், அவ்வேளையில் அடுப்படியை மற்றவர் ஏற்க வேண்டும்.

அரசின் கடமையும் உண்டு. மலேசிய அரசு 2019 ஜூலை முதல் சீனி மிகுந்த பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு தீர்வை விதித்தது. 2025-இல் அது 90 காசாக உயர்த்தப்பட்டது. இரவு வேலை முடித்துக் களைத்து வரும் தொழிலாளிக்கு எந்நேரமும் மலிவாகக் கிடைப்பது எண்ணெயும் மாவும் சீனியுமே என்னும் நிலையில், தனியொருவரின் உறுதியை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. ஆயினும் தீர்வை கடைப் புட்டியைத் தொடும். வீட்டுக் குவளையைத் தொடாது. அங்கே ஆட்சி செலுத்த வேண்டியவர் அவரவரே.

ஆசிரியரின் பங்கு இவ்விடத்தில் பெரிது. பருத்த மாணவனை உடலைச் சுட்டும் பட்டப்பெயரால் அழைத்து வகுப்பு சிரிக்கையில் ஆசிரியரும் புன்னகைத்தால், அப்பிள்ளை உடலை வெறுக்கக் கற்றுக்கொள்கிறது. வெறுக்கும் ஒன்றை எவரும் பேணுவதில்லை. விளையாட்டுத் திடலில் முதலில் வருபவனைப் பாராட்டுவது போலவே, சென்ற வாரத்தினும் ஒரு சுற்று கூடுதலாக நடந்தவனையும் பாராட்டும் ஆசிரியர், அளவிடும் கோலையே மாற்றி அமைக்கிறார். பிறரோடு ஒப்பிடாமல் தன் நேற்றோடு ஒப்பிட்டுக்கொள்ளும் மனப்பாங்கு கல்விக்கும் உடலோம்பலுக்கும் பொதுவானது.

திருக்குறளின் 95-ஆம் அதிகாரம் ‘மருந்து’ எனப் பெயர் பெற்றது. அதனைக் கற்பிக்கும் ஆசிரியர் மாணவரிடம் ஒன்றைச் சுட்டிக்காட்டலாம்: அதிகாரம் முழுவதிலும் எந்த மூலிகையின் பெயரும் இல்லை. அதன் பெரும்பகுதி உண்ணும் முறையைப் பற்றியே பேசுகிறது. முன் உண்டது செரித்ததை அறிந்து, அளவறிந்து உண்ணுமாறு வலியுறுத்துகிறது. வள்ளுவர் அதில் பட்டினியைப் போற்றவில்லை. உணவைப் பழிக்கவும் இல்லை. பசியை மதிக்கச் சொல்கிறார். பசி தோன்றும் வரை காத்திருப்பவனே பசியாறுதலின் இன்பத்தையும் முழுமையாக அறிவான்.

கெடாவின் மண்ணில் கள்ளுக்கடை வாயிலில் நின்று தன்மானத்தை மீட்ட முன்னோரின் வழிவந்தோர்க்கு, சோற்றுத்தட்டின் முன் அமர்ந்து அதனைக் காத்தல் இயலாத செயலன்று. அதற்கு ஆரவாரம் வேண்டா, ஊர்வலம் வேண்டா. இன்று ஒரு கரண்டிச் சீனி குறைவு, நாளை ஒரு தெரு கூடுதல் நடை, அடுத்த திங்கள் தட்டில் ஒரு கை கீரை மிகுதி எனத் தொடங்கினால் போதும். பசி ஆறியதும் கையை எடுக்கத் தெரிந்தவர், தம் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்வது வெறும் அறிவுரையாக இராது. நீண்ட நாள் உடன் வாழும் தாயாகவும் தந்தையாகவும் தம்மையே அவர் அவர்களுக்குத் தருகிறார்.